மூன்றாவது சிலிண்டர்

காலையில் எழுந்தான். முகம் கழுவினான். பாலை அடுப்பில் வைத்து, பொங்குவதற்கு முன் அணைத்தான். பாப்பாவை எழுப்பினான். பல் தேய்த்துவிட்டு, துப்பு என்றான். துப்பினாள். பாலில் பாதியை அவள் குடித்தாள், மீதியை அவன் குடித்தான். சனிக்கிழமை, பள்ளி கிடையாது. இருந்தாலும் தலை வாரிவிட்டான். வகிடு கோணலாக வந்தது. சமையலறையிலிருந்து மாமியார் வந்து, பாப்பாவைத் தன் முழங்கால்களுக்கு நடுவே இழுத்து நிறுத்தி, பின்னலைப் பிரித்து மறுபடியும் போட்டார். தினமும் நடப்பதுதான்.

பிறகு அவன் வாசலுக்குப் போய் வண்டியைக் கிளப்பினான்.

கிளம்பியது. ஆனால் உதறியது. நான்கு பேர் தூக்க வேண்டிய பீரோவை மூன்று பேர் தூக்கிக்கொண்டு படியிறங்கினால் எப்படி ஒரு பக்கம் சரிந்து சரிந்து போகுமோ, அப்படி ஆடிக்கொண்டு நின்றது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு கண்ணைச் சிமிட்டியது.

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பாப்பா, "கார் விக்குதுப்பா. தண்ணி குடுங்க" என்றாள்.

"குடுக்கலாம்" என்று சொல்லி வண்டியை நிறுத்தினான்.

நாளைக் காலை கிளம்ப வேண்டும். மாமனார் வீட்டுக்கு. பொழுது விடியும்போது கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். அவன் போய்விட்டுத் திரும்பி வருவான். பாப்பா போவாள், திரும்பி வரமாட்டாள். அங்கேயே பள்ளியில் இடம் கேட்டு வைத்தாகிவிட்டது.

யார் செய்த முடிவு இது என்று அந்த வீட்டில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். அவள் செய்த முடிவு. அவன் மனைவி. இப்போது இல்லாதவள்.

காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மருந்து எழுதி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்து மாற்றுத் துணிகூட எடுத்துக்கொண்டு போகவில்லை. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது அவன் அதை எங்கோ பாடப் புத்தகத்தில் படித்த வரி போலக் கேட்டுக்கொண்டான். மாமியார் தகவல் தெரிந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வராந்தாவில் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "என்ன சொன்னா? கடைசியா என்ன சொன்னா? என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?" என்று உலுக்கினார். பதில் வராவிட்டால் அந்த அம்மாள் அங்கேயே விழுந்துவிடுவார் போலிருந்தது. அவன் சொன்னான்:

"பாப்பாவ அம்மாகிட்ட குடுத்துடுங்கன்னு சொன்னா. அம்மா பாத்துப்பாங்கன்னு சொன்னா."

அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. தண்ணீரில் மூழ்குகிறவருக்கு, கையில் கிடைத்த கட்டையைத் தூக்கிப் போடுவது போலப் போட்டான். எந்தக் கட்டை என்று பார்க்க நேரமில்லை. மாமியார் சட்டையை விட்டார். சுவரோரமாக உட்கார்ந்தார். அழுதார்; ஆனால் அது வேறு அழுகை.

அன்றைக்குச் சொன்ன சொல் அன்றோடு போயிருந்தால் பாதகமில்லை. அது கூடவே வீட்டுக்கு வந்து, கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், அவன் அத்தை என்று கூப்பிடும் மாமியார் அதைச் சொன்னார். சொல்லச் சொல்ல அது இறுகியது. "போறப்பகூட புள்ளைய என் கையிலதான் குடுத்துட்டுப் போனா." அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? மாமனார், மச்சினன், பக்கத்து வீட்டுக்காரர்கள், எல்லோரும் தலையாட்டினார்கள். அவனும் ஆட்டினான். அப்போது அவனிடம் எதைக் கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பான்.

மாதக்கணக்கில் அத்தை இங்கேயே தங்கிப் பேத்தியைப் பார்த்துக்கொண்டார். அங்கே மாமனார் மூட்டுவலியோடு தனியாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். இனியும் தள்ளிப்போட முடியாது. பேருந்து அத்தைக்கு ஆகாது. ஏறி உட்கார்ந்தாலே குமட்டும். வாடகை வண்டி என்றால், "தூங்கிக்கிட்டே ஓட்டுவான்" என்பார். அதனால் அவன்தான் கொண்டுபோய் விட வேண்டும், இந்த வண்டியில்தான்.

வண்டி உதற ஆரம்பித்து இரண்டு வாரமாகிறது. தெருமுனைப் பட்டறைக்காரர் தம்பி கல்யாணத்துக்குப் போனவர் இன்னும் வந்தபாடில்லை. வேறு பட்டறை இல்லாமல் இல்லை. அவன் போகவில்லை. வண்டி இப்படியே இருந்துவிடட்டும் என்று ஆசைப்பட்டானா என்றால், அதுவும் இல்லை. மனசில் ஆசைப்படுகிற இடத்தில் ஒன்றும் இல்லை. தினமும் காலையில் கிளப்பிப் பார்த்தான். உதறியது. நிறுத்தினான்.

பொறுத்துப் பார்த்த அத்தை, தன் மகனுக்கு ஃபோன் போட்டார். மச்சினன் தான் வேலை பார்க்கும் ஊரிலிருந்து ராத்திரி வண்டி ஏறி, இன்று காலையில் ஒரு இரும்புப் பெட்டியோடு வந்து இறங்கினான். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிறவன். அவன் பேச ஆரம்பித்தால் நடுவில் கொட்டாவி விடக்கூட இடம் கிடைக்காது.

"கவலைய விடுங்க மாமா. அதான் நான் வந்துட்டேன்ல."

"அதான்டா எனக்குக் கவலையே" என்றார் அத்தை.

"பாத்தீங்களா மாமா, பெத்த தாய்! ஏழு வீடியோ பாத்துட்டு வந்திருக்கேன். மிஸ்ஃபயர்னா என்ன, ஏன் வருது, எல்லாம் விரல் நுனியில இருக்கு."

"விரல் பத்திரம்" என்றார் அத்தை.

மச்சினன் பானட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுத்தான். உள்ளே தூசும் எண்ணெயும் படிந்து, காய்ந்த இலைகள் ஒட்டிக் கிடந்தன.

"மாமா, நீங்க படிச்சது மெக்கானிக்கல்தானே?"

"ம்."

"காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலியா?"

"படம் போடச் சொன்னாங்க."

"எதுல?"

"பேப்பர்ல."

"வெளங்கிடும்" என்று மச்சினன் சட்டைக் கையை மடித்துவிட்டான். "இன்ஜினீயர் மாப்பிள்ளைன்னு சொல்லித்தானே அக்காவக் கட்டி..." என்று ஆரம்பித்தவன், பெட்டிக்குள் எதையோ தேடுகிறவன் போலக் குனிந்துகொண்டான். தேடிய ஸ்பேனர் கையில்தான் இருந்தது.

விஷயம் இதுதான். இன்ஜினில் நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பிளக், பெட்ரோலுக்குப் பொறி கொடுக்க. ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே ஒரு காயில், அந்தப் பொறிக்கு மின்சாரம் கொடுக்க. நான்கில் ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை. எது, ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு காயிலின் வயரையும் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கு ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் அணைந்துவிடும்.

"அம்மா, நீ ஏறி உக்காரு."

"நானா? எனக்கு சைக்கிளே தெரியாதுடா."

"உன்னை யாரு ஓட்டச் சொன்னா? கியர்ல இல்ல, எங்கயும் போகாது. வலது பக்கம் இருக்கிற கட்டைய லேசா மிதி. அவ்வளவுதான்."

அத்தை செருப்பை வெளியே கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு ஏறினார். சீட்டின் நுனியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவன் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினான். அத்தை மிதித்தார். இன்ஜின் கதறியது. மச்சினன் துள்ளி, பானட்டில் மண்டையை இடித்துக்கொண்டான்.

"லேசான்னு சொன்னேன்!"

"லேசாத்தான் மிதிச்சேன். எனக்கு லேசு அதுதான்."

பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தைக்கும் சிரிப்பு வந்தது. அவனுக்கும் உதடு ஒரு பக்கம் கோணியது. சிரிப்பு எப்படி வரும் என்று முகத்துக்கு ஞாபகம் இருந்தது போலிருக்கிறது.

இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு அத்தையின் கால் பழகியது. மச்சினன் முதல் காயிலின் வயரைப் பிடுங்கினான். இன்ஜின் இன்னும் மோசமாகத் திணறியது. "ஒண்ணு நல்லாருக்கு" என்று திரும்ப மாட்டினான். இரண்டாவதைப் பிடுங்கினான். திணறியது. "ரெண்டும் நல்லாருக்கு." மூன்றாவதைப் பிடுங்கினான். ஒரு மாற்றமும் இல்லை. அதே உதறல்.

"மாட்டுச்சா! புடுங்கியும் ஒண்ணும் ஆகலேன்னா, அப்ப அதான் செத்தது" என்று கத்தியவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அந்த வீட்டில் அந்தச் சொல்லை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை. கடிகாரத்தில் பேட்டரி போனால்கூட "தீந்துபோச்சு" என்றுதான் சொன்னார்கள். பல்லி ஒன்று கதவிடுக்கில் நசுங்கியபோது, "பல்லி இப்படி ஆயிடுச்சு" என்றார் அத்தை.

"நாலாவதையும் பாரு" என்றான் அவன்.

நாலாவது நன்றாக இருந்தது.

மூன்றாவது காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் போட்டார்கள். முதலாவதை மூன்றில் போட்டார்கள். காயில் கெட்டிருந்தால் கோளாறு அதோடு முதல் சிலிண்டருக்கு இடம் மாற வேண்டும். மாறவில்லை. மூன்றிலேயே நின்றது. ஆகவே காயில் யோக்கியன். பிளக்கைக் கழற்றினார்கள். நுனி கருத்து, ஈரமாக, பெட்ரோல் வாடை அடித்தது. பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. மச்சினன் வரும்போதே புது பிளக் வாங்கி வந்திருந்தான். அதைப் போட்டார்கள். அத்தை மிதித்தார். அதே உதறல். மச்சினனின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"அப்ப மாமா... கம்ப்ரஷன்தான். வால்வு போயிருக்கும். இல்ல, பிஸ்டன் ரிங். இன்ஜினையே பிரிக்கணும்."

"கெணறு வெட்டப் போயி பூதத்தக் கெளப்பாதடா" என்றார் அத்தை உள்ளேயிருந்து.

"வீடியோலயே அப்படித்தான்மா சொல்றான்! கம்ப்ரஷன் பாக்கிற மீட்டர் ஒண்ணு இருக்கு. நான் போய் எங்கயாச்சும் வாங்கிட்டு வரேன். அதுல காத்து கம்மியா காட்டிச்சுன்னா, நாளைக்குப் பயணம் கிடையாது. ஒரு வாரம் ஆகும்."

ஒரு வாரம். அவன் கையைத் துணியில் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

பாப்பா தன் தாய்மாமாவின் காலைக் கட்டிக்கொண்டாள். "நானும் வரேன். எனக்குப் பலூன் வேணும்." மச்சினன் அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "பலூன்லயும் கம்ப்ரஷன் உண்டு, தெரியுமா?" என்று பாடம் நடத்திக்கொண்டே தெருவில் இறங்கிப் போனான்.

இன்ஜினை அணைத்திருந்தார்கள். சத்தம் நின்றதும் தெரு பெரிதாகிவிட்டது போலிருந்தது. அத்தை இறங்கவில்லை.

"இறங்கி உள்ள போங்க அத்தை. வேர்க்கும்."

"இருக்கட்டும் மாப்பிள்ளை. இங்க உக்காந்தா கால் வலி தெரியல."

அவன் பானட்டுக்கு இந்தப் பக்கம். அவர் அந்தப் பக்கம். நடுவே தூக்கி நிறுத்திய தகடு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மாமியாரும் மருமகனும் இத்தனை வருஷத்தில் ஒரே அறையில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியது கிடையாது. பேச்செல்லாம் அவள் வழியாகத்தான் போகும். "சாப்பிட வரச் சொல்லு", "அம்மாவுக்கு டிக்கெட் போட்டாச்சான்னு கேளு." அவள் போன பிறகு பாப்பா வழியாகப் போனது. இப்போது பாப்பாவும் இல்லை.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க அத்தை."

"இன்ஜினைப் பிரிக்கணும்னா ஒரு வாரம்தான் ஆகுமா? கூட ஆகுமா?"

"கூடவும் ஆகலாம்."

"ஆகட்டும்" என்றார் அத்தை. பிறகு, "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றார்.

"இல்ல, சொல்லுங்க."

"எனக்கு முடியல. புள்ளையத் தூக்கினா இடுப்பு புடிச்சுக்குது. குளிப்பாட்டிட்டு நிமிர முடியல. அங்க போனா உங்க மாமா. அவரு பாத்ரூம் போகவே ஒரு ஆள் வேணும். நடுவுல இவள வெச்சுக்கிட்டு... ராத்திரியில முழிச்சு அப்பா எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? இங்கயே என்னைப் பாத்துதான் அம்மா எங்கன்னு கேக்குறா. நீங்க வீட்ல இல்லாதப்பதான் கேப்பா. உங்களுக்குத் தெரியாது."

அவனுக்குத் தெரியாது. மூன்றாவது காயிலின் வயரைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"அப்ப இங்கயே இருக்கட்டும் அத்தை" என்றான். வயரைப் பார்த்துக்கொண்டே, "நான் பாத்துக்கறேன். தலைகூட வாரப் பழகிடுவேன்" என்றான்.

பானட்டுக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நானும் நெனைக்காம இல்ல. வாய் வரைக்கும் வந்துடும். ஆனா அவ சொல்லிட்டுப் போயிட்டாளே. அத மீறினா நான் பெத்தவளா?"

அவன் பானட்டின் விளிம்பைத் துடைத்தான்.

"உங்களுக்குத் தெரியாதது இல்ல. எங்களுக்குள்ள பேச்சு நின்னு போயிருந்துச்சு. பாப்பா எங்க வீட்டுப் படியில விழுந்து நெத்தி கிழிஞ்சதுலேருந்து. நான் அடுப்படியில இருந்தேன், ஒரு நிமிஷம்தான் கண்ண எடுத்தேன். 'இனிமே என் புள்ளைய உன்கிட்ட விடவே மாட்டேன்'னுட்டா. ஃபோனை வெச்சவ வெச்சவதான். நானும் வீம்புக்குக் கூப்பிடல. அவளாத்தான் கூப்பிடட்டும்னு இருந்தேன். அப்புறம் நீங்கதான் கூப்பிட்டீங்க. ஆஸ்பத்திரியிலேருந்து."

அது அவனுக்குத் தெரியும். ஃபோனை வைத்த அன்று அவள் சமையலறையில் நின்று பாத்திரங்களை உருட்டியதும் தெரியும். அது தெரிந்ததனால்தான் வராந்தாவில் அந்தக் குறிப்பிட்ட சொல் வாயில் வந்தது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அத்தை நம்பியிருப்பார், ஆனால் எழுந்து நடந்திருக்கமாட்டார்.

"நீங்க அன்னிக்கு அந்த வார்த்தைய சொல்லலேன்னா நானும் அவ பின்னாடியே போயிருப்பேன் மாப்பிள்ளை. சாமி சத்தியமா. 'புள்ளைய அம்மாகிட்ட குடுங்க.' அப்படின்னா மன்னிச்சுட்டான்னுதானே அர்த்தம்? அது ஒண்ணுலதான் நான் எந்திரிச்சு நடமாடிட்டு இருக்கேன். இடுப்பு ஒடிஞ்சாலும் வளத்துடுவேன். இந்தத் தடவ கண்ண எடுக்கமாட்டேன்."

சொல்லிவிடலாம். நான்கு சொல். அவள் அப்படிச் சொல்லவில்லை அத்தை. பாப்பா இங்கே இருப்பாள். அத்தை இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே போவார். பிறகு என்ன ஆவார் என்று அவனால் பார்க்க முடிந்தது. வாயைத் திறந்தான். மூடினான். முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றான்.

"ஸ்டார்ட் பண்ணுங்க அத்தை" என்றான் கடைசியில்.

அத்தை இப்போது தானாகவே சாவியைத் திருப்பினார். லேசாக மிதித்தார். இன்ஜின் உதறிக்கொண்டு ஓடியது. செய்வதற்கு ஒன்றுமில்லை, கை மட்டும் வயரைப் பிடித்திருந்தது. சும்மா அதை வளைத்தான்.

உதறல் நின்றது.

வெண்ணெயில் கத்தி இறங்கியது போல ஓடியது. அவன் விரல்களைத் தளர்த்தினான். உதறியது. மறுபடி வளைத்துப் பிடித்தான். சீராக ஓடியது. குனிந்து பார்த்தான். காயிலில் செருகுகிற இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே வயரின் தோலில் இரண்டு சின்னக் குழிகள். எலிப்பல். மேல்தோல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, உள்ளே கம்பி அறுந்திருந்தது. வளைத்தால் முனைகள் தொட்டுக்கொண்டன. விட்டால் விலகின. காயிலை மாற்றி, பிளக்கை மாற்றி, இன்ஜினையே பிரிக்கக் கிளம்பிவிட்டார்கள். கோளாறு ஒரு வெளிவயரில்.

அவன் பிடித்துக்கொண்டு நின்றான். பிடித்திருக்கும்வரை ஓடியது.

யாரும் பார்க்கவில்லை. பானட் மறைத்திருந்தது. வயரை இருந்தபடியே விட்டுவிட்டால் மச்சினன் மீட்டரோடு வந்து, காற்று எல்லாவற்றிலும் சரியாக இருக்கக் கண்டு, தலையைப் பிய்த்துக்கொள்வான். பட்டறைக்காரர் வரும்வரை வண்டி இப்படியே நிற்கும். ஒரு வாரம். கூடவும் ஆகலாம். ஒரு வாரத்தில் அத்தையே மனசு மாறலாம். மாமனாரே இங்கே வந்துவிடலாம். என்னவும் நடக்கலாம்.

விரல்களை எடுத்தான். உதறியது.

"மாப்பிள்ளை? இப்ப நல்லா ஓடிச்சே?" அத்தையின் குரல். "நின்னு நின்னு நல்லா ஓடிச்சு. என்ன பண்ணீங்க?"

இல்லை அத்தை, ஒன்றும் பண்ணவில்லை என்றால் போதும். இவ்வளவு பெரிய பொய்யை ஒரு மூச்சில் சொன்னவனுக்கு இது பொய்யே இல்லை. ஆனால் வரவில்லை. இருந்ததையெல்லாம் அந்த ஒன்றிலேயே செலவழித்துவிட்டான் போலிருக்கிறது.

"வயர் அத்தை. எலி கடிச்சிருக்கு."

"எலியா?"

"ம். அறுந்திருக்கு."

இன்ஜின் உதறிக்கொண்டே இருந்தது.

"சரி பண்ணிடலாமா?"

"பண்ணிடலாம்."

"ம்" என்றார் அத்தை. சாவியைத் திருப்பி அணைத்தார்.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. பேட்டரி முனையைக் கழற்றிவிட்டான். கடிபட்ட இடத்தை வெட்டி எறிந்தான். இரண்டு பக்கமும் தோலை உரித்துச் செம்புக் கம்பியை வெளியே எடுத்தான். பழைய கம்பி பச்சை பூத்திருந்தது. பிளேடால் சுரண்டிப் பளபளப்பாக்கினான். நீளம் போதவில்லை. மச்சினன் பெட்டியில் கிடந்த துண்டு வயரை நடுவில் சேர்த்து இரண்டு முனையையும் முறுக்கினான். கறுப்பு டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றினான். சேர்ந்தாற்போல இவ்வளவு நேரம் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து நாளாயிற்று.

கிளப்பினார்கள். நான்கும் ஓடின. மஞ்சள் விளக்கு சிமிட்டுவதை நிறுத்தியது. அத்தை ஸ்டீயரிங் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஹாரன் ஒரு தடவை அடித்தது. திடுக்கிட்டு எழுந்துகொண்டார்.

மச்சினன் மீட்டர் கிடைக்காமல், பாப்பாவும் இரண்டு பலூனும் சகிதம் திரும்பி வந்தான்.

"எலியா? மாமா, நான் அப்பவே நெனச்சேன்!"

"நெனச்சவன் வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே. மத்ததெல்லாம் சொன்ன" என்றார் அத்தை.

"பலூன் வாங்கப் போற அவசரத்துல விட்டுப்போச்சும்மா." சிரிப்பான் என்று பார்த்தால், மச்சினன் அம்மாவின் முகத்தையும் மாமாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெட்டியை மூடினான்.

பாப்பா பலூனை வண்டியின் கதவுக் கைப்பிடியில் கட்டச் சொன்னாள். அவன் கட்டினான்.

"விக்கல் நின்னுடுச்சாப்பா?"

"நின்னுடுச்சு."

"நாளைக்குத் தாத்தா வீட்டுக்கா?"

"ம்."

"திரும்பி வர்றப்ப நான் முன் சீட்ல உக்காருவேன். சரியா?"

மச்சினன் பலூன் முடிச்சை மறுபடி இறுக்கினான். அத்தை கீழே குனிந்து செருப்பைத் தேடினார். அது கண்ணெதிரே ஜோடியாக இருந்தது.

மறுநாள் கிளம்பினார்கள். துணி மூட்டை, பாப்பாவின் மூன்று சக்கர சைக்கிள், அவள் தலையணை. வழியில் பாப்பா பாதி தூரம் பேசினாள், பாதி தூரம் தூங்கினாள். மேடேறும்போதுகூட வண்டி முனகவில்லை. மச்சினன் முன்னால் உட்கார்ந்து, வண்டி எப்படி ஓடுகிறது பார் என்று அடிக்கடி சொன்னான். ஓடியது.

மாமனார் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பேத்தியின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, மாப்பிள்ளையைப் பார்த்து, "வண்டி தொந்தரவு குடுக்கலியே?" என்று கேட்டார். வேறு எதையும் கேட்க அவருக்கும் தெரியவில்லை.

"இல்ல மாமா."

சாப்பிட்டான். பாப்பா சைக்கிளை முற்றத்தில் மூன்று சுற்று ஓட்டினாள். பிறகு புது இடத்துக் கட்டிலில் படுத்தவள், அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே தூங்கிப்போனாள். விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டு எழுந்தான். எழுந்த பிறகு கிளம்புவதே நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். விழித்தால் அழுவாள்.

வண்டியில் ஏறிக் கண்ணாடியை இறக்கினான். அத்தை கூடவே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வாங்க."

"வரேன்."

"வந்துடுவீங்கல்ல?"

"வரேன் அத்தை."

அத்தை கையை எடுக்கவில்லை. அங்கே பானட் கிடையாது. நேருக்கு நேர் பார்த்துத்தான் கேட்டார்.

"மாப்பிள்ளை, கோவிச்சுக்காதீங்க. அவ கடைசியா சொன்னத இன்னொரு வாட்டி சொல்லுங்க. அவ சொன்ன மாதிரியே."

அவன் ஸ்டீயரிங்கைப் பார்த்தான். பிறகு அத்தையைப் பார்த்தான்.

"பாப்பாவ அம்மாகிட்ட குடுத்துடுங்க. அம்மா பாத்துப்பாங்க."

அத்தை உதட்டை அசைத்துக் கூடவே சொன்னார். மனப்பாடமாக இருந்தது.

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல அத்தை. அவ்வளவுதான்."

அத்தை தலையாட்டிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பேத்தி மேல் வைத்த கண்ணை எடுத்து இவ்வளவு நேரமாகிவிட்டதே என்கிற அவசரம் நடையில் இருந்தது.

அவன் வண்டியைக் கிளப்பினான். முதல் திருப்பிலேயே கிளம்பியது. தெருவைத் தாண்டினான். பெரிய சாலைக்கு வந்தான். பக்கத்து சீட்டில் யாருமில்லை, பின்னாலும் யாருமில்லை. இன்ஜின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. உற்றுக் கேட்டால்கூட ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் காவலாளி விசிலடித்து, வண்டியை வாசலில் நிறுத்தக் கூடாது, எடு என்றான். அவன் கீழே போய் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, சாவியும் கையுமாக மேலே வந்தான். அவள் கண்ணைத் திறந்து, முதலில் சாவியைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். ஒன்று கேட்டாள். அவன் ஆமாம் என்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாள், நல்லதுதான் என்று நினைத்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

அவள் கேட்டது இவ்வளவுதான்:

"வண்டிய நிழல்ல விட்டீங்களா? போறப்ப சீட்டு சுடும்."